நட்டத்தைச் சபையில் சொன்னவர்



பேர்மிங்காமில் 2007இல் தொடங்கிய 'யூகே கேம்ஸ் எக்ஸ்போ' என்னும் மேசை விளையாட்டு விழாவுக்கு, "அப்பா, நீங்களும் வாங்கோ" என்று மகள் என்னை அழைத்துப் போனாள். தான் உருவாக்கிய அட்டை விளையாட்டொன்றைச் சொந்தச் சேமிப்பில் வெளியிட அவள் எண்ணியிருந்தாள்.

விளையாடும் மண்டபங்களோடு அங்கே கருத்தரங்குகளும் உண்டு. ஒன்றில் போய் அமர்ந்தோம். இணையத்தில் ஆதரவாளர்களிடம் முன்பணம் திரட்டி விளையாட்டு வெளியிட்ட ஒருவர் பேசினார். அச்சுக்கூலியைக் கணக்கிட்டவர் பெட்டியின் எடையை மறந்துவிட்டாராம். தபால் செலவும் 20 வீத வற் வரியும் சேர்ந்து கைக்காசையும் கொண்டுபோய்விட்டனவாம். சபையில் யாரும் சிரிக்கவில்லை, குறிப்பெடுத்தார்கள்.

முன்பணம் வருமானமல்ல; பொருளை ஒப்படைக்கும்வரை அது கடன். வீட்டில் நான் பலமுறை சொல்லியும் ஏறாதது, அன்று மகளுக்கு ஏறியது.

எங்கள் ஆட்களோ நட்டப்பட்டால் கணக்காளரிடம் மட்டும், அதுவும் கதவைச் சாத்திவிட்டுத்தான் சொல்வார்கள். அடுத்தவரும் அதே குழியில் விழுகிறார். எங்கள் சங்க விழாக்களிலும் இதற்கென ஒரு மணிநேரம் ஒதுக்கினால் என்ன?

மகள் இப்போது பெட்டியைச் சிறிதாக்கிக்கொண்டிருக்கிறாள்.