பூட்டாத அலமாரி

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரைச் சிந்தனை)



பள்ளி திறக்கும்போதெல்லாம் நம் பங்குகளில் ஏழைப் பிள்ளைகளுக்கென்று நோட்டுப் புத்தகமும் பென்சிலும் திரட்டுகிறோம். சில நல்ல உள்ளங்கள் கிரேயான், வண்ணக் காகிதம், பசை, கத்தரிக்கோல் என்றும் வாங்கித் தருகிறார்கள். அவை பள்ளிக்குப் போய்ச் சேர்ந்த பிறகு என்ன ஆகின்றன?

பெரும்பாலும் அலமாரிக்குள் போகின்றன. ஆசிரியைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. பொருள் இருப்புப் பதிவேட்டில் ஏறிவிட்டது, கணக்குக் காட்ட வேண்டும். முப்பது பிள்ளைகளுக்கு நடுவே ஒரே ஒரு கிரேயான் பெட்டி. உடைந்தால் மறுபடி யார் தருவார்? ஆகவே ஆண்டு விழாவுக்கு வெளியே வருகிறது, சுவரில் ஒட்ட ஒரு படம் தயாராகிறது (அதிலும் பாதி டீச்சர் வரைந்தது!), மீண்டும் பூட்டு. வீட்டில் வண்ணப் பெட்டி உள்ள பிள்ளைக்கு இதனால் பெரிய நட்டமில்லை. நம் உப்பளத்தில், ஒரே அறையில் குடும்பம் முழுதும் படுத்து எழும் வீட்டுப் பிள்ளைக்கு, பள்ளியில் தொடாத வண்ணத்தை வேறெங்கே தொடக் கிடைக்கும்?

1907-ஆம் ஆண்டு ஜனவரி 6, திருக்காட்சித் திருநாள். அன்றுதான் உரோமை நகரில் சான் லொரென்சோ என்ற தொழிலாளர் குடியிருப்பில், மருத்துவரான மரியா மாண்டிசோரி அம்மையார் தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். பெற்றோர் கூலி வேலைக்குப் போய்விடுவார்கள். தனித்து விடப்பட்ட பிள்ளைகள் சுவரையும் படிக்கட்டையும் பாழாக்குகிறார்கள் என்பதுதான் கட்டட உரிமையாளர்களின் கவலை. பிள்ளைகளை ஓரிடத்தில் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், அவ்வளவே அவர்கள் கேட்டது.

அங்கும் பொருள்கள் அலமாரியில் பூட்டித்தான் இருந்தன. ஒருநாள் ஆசிரியை பூட்ட மறந்துவிட்டார். மறுநாள் தாமதமாகவும் வந்தார். வந்து பார்த்தால், பிள்ளைகளே அலமாரியைத் திறந்து, தமக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு வேலையில் மூழ்கியிருந்தார்கள். இது திருட்டுப் புத்தி, கண்டிக்க வேண்டும் என்று ஆசிரியை நினைத்தார். மாண்டிசோரி அம்மையார் வேறு விதமாகப் பார்த்தார்: தமக்கு எது வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் அளவுக்குப் பிள்ளைகள் அந்தப் பொருள்களை அறிந்துகொண்டார்கள். அதன்பின் பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் தாழ்வான அலமாரிகள் வைத்தார்.

எழுத்துக் கற்பிக்க அழகிய மர எழுத்துகள் செய்ய விரும்பினார். செய்து தர ஆளும் கிடைக்கவில்லை, கட்டுப்படியும் ஆகவில்லை. காகிதத்திலும் உப்புத்தாளிலும் எழுத்துகளை வெட்டினார். அதுவே நல்லதாயிற்று. காகிதம் என்பதால் எத்தனை வேண்டுமானாலும் வெட்டலாம், பிள்ளைகள் சேர்த்துச் சேர்த்துச் சொற்கள் அமைக்கலாம். ஒரு குளிர்கால நாளில், மொட்டை மாடியில், ஐந்து வயதுச் சிறுவனிடம் சாக்பீஸைக் கொடுத்து அங்கிருந்த புகைபோக்கியை வரையச் சொன்னார். வரைந்து முடித்தவன், எழுதவும் வருகிறது என்று கூவிக்கொண்டு தரையிலேயே எழுத ஆரம்பித்தான். அவன் எழுதிய முதல் சொல்லுக்கு இத்தாலிய மொழியில் பொருள், 'கை'. இதே அம்மையார் 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து நம்மூர் ஆசிரியர்களுக்கும் பயிற்சி தந்தார்.

தமிழுக்கு இது இன்னும் பொருந்தும். 'பொம்மை' என்ற சொல்லில் முதல் எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒற்றைக்கொம்பு, ப, துணைக்கால் என்று மூன்று அட்டைத் துண்டுகள். பிள்ளை தன் கையால் கொம்பை முன்னேயும் காலைப் பின்னேயும் வைத்துப் பார்த்தால், 247 எழுத்துகளும் தனித்தனிச் சுமையாகத் தெரியாது. அட்டைக்கு எங்கே போவது? உங்கள் வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய கலியாணப் பத்திரிகைகள் போதும். எண்ணப் புளியங்கொட்டை. ஒட்ட, தையற்கடையில் விழும் வெட்டுத் துணி. மண் வேண்டுமா? சுடுமண் சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு பெற்ற வில்லியனூர் பக்கத்தில் இருக்கிறது. பழைய செய்தித்தாளை ஊறவைத்து அரைத்த கூழில் பொம்மை செய்யும் திருக்கனூர்க் கைவேலையும் நம் புதுச்சேரிக்குரியதுதான்.

கை அழுக்காகுமே, சீருடை கெடுமே என்பீர்கள். பிறவிப் பார்வையற்றவரைக் குணமாக்கியபோது ஆண்டவர் தரையில் உமிழ்ந்து சேறு உண்டாக்கினார். ஒரு சொல்லே போதுமாயிருந்தும், மண்ணைத் தம் விரலால் தொட்டார். பழைய சட்டை ஒன்றை ஏப்ரனாக மாட்டிவிட்டால் சீருடை தப்பிக்கும்.

இந்த ஆண்டு நீங்கள் பொருள் தரும்போது பெட்டியோடு ஒரு சிறு கடிதம் வையுங்கள். "இது தீர்ந்துபோகவே தருகிறோம். உடைந்தாலும் தொலைந்தாலும் கணக்குக் கேட்க மாட்டோம். தீர்ந்ததும் சொல்லியனுப்புங்கள்" என்று எழுதுங்கள். தலைமையாசிரியரிடமும் நேரில் சொல்லுங்கள். பதிவேட்டில் அவர் அப்படியே குறித்துக்கொள்ளட்டும். ஒரே நாளில் மொத்தமாகக் கொடுப்பதைவிட, நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். கிரேயான் துண்டாகித் தேய்ந்திருக்கிறதா என்று போய்ப் பாருங்கள்; புத்தம் புதிதாக இருந்தால் டீச்சரோடு உட்கார்ந்து பேசுங்கள்.