எடையை மரம் தாங்கட்டும்

(தொடர்கல்வி மையத்தில் தச்சர் ஒருவர் பேசியது)



நான் தச்சு வேலை செய்பவன். பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பிறந்தேன். இடுக்கியில், மூணாறு தேயிலைத் தோட்ட வீடுகளிலும் வேலை செய்திருக்கிறேன். இன்று மீன் தொட்டிக்கு மர ஸ்டாண்டு செய்வது பற்றிப் பேசப் போகிறேன்.

முதலில் என் தவறைச் சொல்கிறேன்.

பல வருடங்களுக்கு முன் என் மகள் மீன் தொட்டி கேட்டாள். தொட்டி வாங்கினேன். ஸ்டாண்டை நானே செய்தேன். காலின் பக்கத்தில் சட்டத்தை வைத்து ஆணி அடித்தேன். பார்க்க அழகாக இருந்தது. ஒரு மழைக்காலம் போனது. ஒருநாள் இரவு 'டமார்' என்று சத்தம். ஆணிகள் வளைந்து, சட்டம் இறங்கிவிட்டது. தொட்டி நொறுங்கியது. வீடு முழுவதும் தண்ணீர், கண்ணாடித் துண்டுகள். பகலில் மகள் அந்த இடத்தில்தான் உட்கார்ந்து படிப்பாள். இரவு என்பதால் பிள்ளை பிழைத்தாள்.

ஏன் விழுந்தது? எனக்கு அப்போது எழுதத் தெரியாது. அளவுகளை நூலில் முடிச்சுப் போட்டு வைப்பேன். தண்ணீரின் எடையைக் கணக்குப் பார்க்கவே இல்லை.

1991 ஏப்ரல் 18 அன்று கேரளம் முழு எழுத்தறிவு பெற்ற மாநிலமாக அறிவிக்கப்பட்டது. அந்த இயக்கத்தின் வகுப்பில்தான் நான் படித்தேன். பிறகு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன்.

தொட்டி 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம். 2 × 1 × 1 = 2 கன அடி. ஒரு கன அடியில் சுமார் 28 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். 2 × 28 = 56 லிட்டர். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. ஆக, தண்ணீர் மட்டும் 56 கிலோ! கண்ணாடியும் அடியில் போடும் கல்லும் சேர்ந்தால் 75 கிலோ ஆகிவிடும். ஒரு பெரிய ஆள் இரவும் பகலும் இறங்காமல் மேலே நிற்பது போல.

அந்த எடையை ஆணி தாங்கக் கூடாது. மரம்தான் தாங்க வேண்டும்.

என்ன மரம்? பலா நல்லது. தேக்கு நல்லது. எங்கள் ஊரில் வைரம் பாய்ந்த பனையும் உண்டு. பழைய வீடு இடித்த இடத்தில் கிடைக்கும் நிலைச் சட்டம் நன்றாகக் காய்ந்திருக்கும். மருந்து ஏற்றாத ரப்பர் மரம் வேண்டாம். அதைப் பூச்சி சீக்கிரம் அரிக்கும். காட்டு மரத்தைத் தொட வேண்டாம். அது குற்றம்.

இனி செய்முறை.

நான்கு கால்கள். ஒவ்வொன்றும் 3 அங்குலச் சதுரம், 2 அடி உயரம். காலின் தலையில், வெளிப்பக்கப் பாதியை 3 அங்குல ஆழத்துக்கு வெட்டி எடுங்கள். ஒரு படி கிடைக்கும். முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக நீளச் சட்டம் அந்தப் படியின் மேல் உட்கார வேண்டும். சட்டம் 26 அங்குல நீளம், 3 அங்குல உயரம், ஒன்றரை அங்குலக் கனம். இப்போது எடை சட்டத்தில் இறங்கும். சட்டத்திலிருந்து காலுக்கும், காலிலிருந்து தரைக்கும் போகும். திருகாணி சட்டம் விலகாமல் பிடித்துக்கொண்டால் போதும்.

இரண்டு நீளச் சட்டங்களுக்கும் நடுவே மூன்று குறுக்குச் சட்டங்கள் கொடுங்கள். கால்களின் கீழ்ப்பகுதியையும் சட்டங்களால் இணையுங்கள். மூலைக்கு மூலை நாடா பிடித்து அளந்து பாருங்கள். இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால் கோணல் இல்லை. பின்பக்கம் சாய்வாக ஒரு சட்டம் அடித்தால் ஸ்டாண்டு ஆடாது. மேலே முக்கால் அங்குலப் பலகை, 26 அங்குல நீளம், 14 அங்குல அகலம். எல்லாப் பக்கமும் இரண்டு முறை வார்னிஷ் பூசுங்கள். காலின் அடியை மறக்காதீர்கள். ஈரம் அங்கேதான் ஏறும்.

உடனே தொட்டியை வைக்காதீர்கள். 50 கிலோ அரிசி மூட்டை ஒன்றும், 25 கிலோ மூட்டை ஒன்றும் வைத்து ஓர் இரவு விடுங்கள். காலையில் பாருங்கள். பொருத்து விலகினால் சரி செய்யுங்கள். மூட்டை விழுந்தால் அரிசியை அள்ளிக்கொள்ளலாம்.

மலைப்பக்க வீடுகளில் தரை சாய்வாக இருக்கும். தொட்டியில் 2 அங்குலம் தண்ணீர் ஊற்றி, நான்கு மூலையிலும் அளந்து பாருங்கள். அளவு வேறுபட்டால் தண்ணீரை எடுத்துவிட்டு, தாழ்ந்த காலுக்கு அடியில் மரத்துண்டு வையுங்கள். பிறகு நிரப்புங்கள். தண்ணீரே மட்டம் காட்டும்.

என் மகள் மறுபடி தொட்டி வைத்தாள். அந்த ஸ்டாண்டு இப்போதும் நிற்கிறது. பேரப் பிள்ளைகள் அதன் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கிறார்கள்.

வீட்டுக்குப் போய் ஒரு கணக்குப் போடுங்கள். தொட்டி 3 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம். தண்ணீர் எத்தனை கிலோ? விடையை நோட்டில் எழுதுங்கள். அதன் பிறகு மரம் வாங்கப் போங்கள்.