பெயரும் எண்ணும் யார் காவலில்?

(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

வெள்ளி விழா என்றால் கடந்து வந்த பாதையைப் பற்றிப் பேசுவது மரபு. நமக்கு முன் பேசியவர்கள் அதனைச் செம்மையாகச் செய்துவிட்டனர். நமக்கு அளிக்கப்பட்ட பொருள் வேறு. ஒருவருடைய பெயரையும் அடையாள எண்களையும் திருடி, கைப்பேசி வழியாகவும் கணினி வழியாகவும் நடத்தப்படும் மோசடியைத் தடுப்பதில் அரசுக்கும் தொழில் நிறுவனங்களுக்கும் உள்ள பொறுப்பு என்ன என்பதே அது. கல்விச் சங்கத்தின் மேடையில் இஃது எதற்கு என்று சிலர் எண்ணலாம். அவர்களுக்கு ஒரு செய்தியைச் சொல்லித் தொடங்குவோம்.

2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கோவை மாநகரக் காவல்துறையின் சைபர் குற்றப் பிரிவினர் ஐந்து பேரைக் கைது செய்தனர். கல்வித் துறையிலிருந்து பேசுவதாகக் கூறி மாணவர்களின் பெற்றோரை அழைத்து, "உங்கள் பிள்ளைக்கு உதவித்தொகை வந்திருக்கிறது, நாங்கள் அனுப்பும் க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்யுங்கள்" என்று சொல்லிப் பணத்தைப் பறித்தார்கள் என்பது அவர்கள் மீதான குற்றச்சாட்டு. வழக்கின் முடிவு நீதிமன்றத்தின் பொறுப்பு. ஆனால் அந்த ஐவரும் எங்கோ தொலைதேசத்தில் இருந்தவர் அல்லர். நம் நாமக்கல் மாவட்டத்தினர் என்று செய்தித்தாளில் படித்தபோது நாம் நெடுநேரம் தாளை மடிக்காமல் அமர்ந்திருந்தோம்.

கல்வி உதவித்தொகை என்னும் சொல் நம் வீடுகளில் எத்தகைய சொல் என்பதை இங்கே விளக்க வேண்டியதில்லை. 1944ஆம் ஆண்டில், அண்ணல் அம்பேத்கர் வைசிராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினராக இருந்த காலத்தில் தொடங்கப்பட்ட உதவித்தொகைத் திட்டம் அது. அச்சொல்லைக் கேட்டால் நம் தாய்மார்கள் அடுப்பில் இருக்கும் சோற்றை மறந்து கைப்பேசியை எடுப்பார்கள். மோசடிக்காரன் அதை அறிந்தே அச்சொல்லைத் தேர்ந்தெடுத்தான்.

2023ஆம் ஆண்டில் நம் பள்ளியின் பழைய மாணவி ஒருத்திக்கு நேர்ந்ததைக் கூறுகிறோம். கணிதத்தில் இளங்கலை இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். தந்தை சேகோ ஆலையில் மூட்டை தூக்குபவர்; தாய் கோழிப்பண்ணையில் கூலி. விடுதிக் கட்டணத்துக்கும் தேர்வுக் கட்டணத்துக்குமாகச் சேர்த்துவைத்திருந்த 9,800 ரூபாய் அவளுடைய வங்கிக் கணக்கில் இருந்தது. அழைத்தவன் அவள் பெயர், தந்தை பெயர், கல்லூரியின் பெயர், படிக்கும் ஆண்டு ஆகிய நான்கையும் பிழையின்றிச் சொன்னான். பின்னர் அவள் கைப்பேசிக்குப் பணக் கோரிக்கை ஒன்று வந்தது. "இது உதவித்தொகை வருவதற்கான ஒப்புதல், ரகசிய எண்ணைப் போடம்மா" என்றான். போட்டாள். பணம் வரவில்லை, இருந்ததும் போயிற்று.

தந்தை காவல் நிலையம் செல்ல அஞ்சினார். நம் மக்களுக்குக் காவல் நிலையத்தின்மீது உள்ள அச்சம் நேற்றுத் தோன்றியதன்று. அதற்காக அவரைக் குறைகூற மாட்டோம். நான்காம் நாள் நம்மிடம் வந்தார்கள். நாமும் எல்லோரையும் போலவே, "ஏனம்மா ரகசிய எண்ணைப் போட்டாய்?" என்றுதான் முதலில் கேட்டோம். அவள் தலைகுனிந்து, "என் பேரையும் அப்பா பேரையும் சரியாச் சொன்னாருங்க ஐயா, அதனால நம்பிட்டேன்" என்றாள்.

அன்றிரவு அந்த விடை நம்மை உறங்கவிடவில்லை. அவள் பெயர் அவனுக்கு எப்படித் தெரிந்தது? இந்தக் கேள்வியை அவளைச் சந்தித்த ஒருவரும் கேட்கவில்லை. நாமும் கேட்கவில்லை.

உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் ஒரு பிள்ளையின் தாள்கள் எத்தனை கைகளைக் கடக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். சாதிச் சான்று, வருமானச் சான்று, ஆதார் அட்டை, வங்கிப் புத்தகத்தின் முதற்பக்கம் என இவையெல்லாம் பள்ளியில் ஒரு படி, ஜெராக்ஸ் கடையில் வீணான இரண்டு படி, இ-சேவை மையத்தின் கணினியில் ஒரு படி, கல்லூரி அலுவலகத்தில் ஒரு படி, சிம் கார்டு விற்பவரிடம் ஒரு படி. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த மாலையிலேயே, நாம் பெயர்கூடக் கேட்டிராத தனியார் கல்லூரிகளிலிருந்து நம் மாணவர்களின் வீடுகளுக்கு அழைப்பு வருவதைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறோம். எண் எவ்வாறு கிடைத்தது என்று கேட்டால் மறுமுனையில் இணைப்பைத் துண்டித்துவிடுகிறார்கள்.

பிறரை மட்டும் சொல்வது முறையன்று. உதவித்தொகை பெறுவோர் பட்டியலைப் பெயர், சாதி, வங்கிக் கணக்கு எண்ணோடு பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டியவர்கள் நாம்தான். ஒளிவுமறைவற்ற நிர்வாகம் என்று அப்போது அதற்குப் பெயர் வைத்திருந்தோம். அம்மாணவியின் பட்டியலும் ஒரு காலத்தில் அங்கே தொங்கிற்று.

ஆகவே நம் கருத்தை முன்னரே சொல்லிவிடுகிறோம். ஒரு பிள்ளையின் பெயரையும் எண்ணையும் கட்டாயமாகக் கேட்டு வாங்குபவர் எவரோ, அதனைக் காக்கும் கடமை முதலில் அவருடையது. "விழிப்பாய் இருங்கள்" என்ற அறிவுரையை மட்டும் ஏழையின் கையில் கொடுத்துவிட்டு அரசும் வங்கியும் ஒதுங்கிக்கொள்ளலாகாது.

சட்டத்தைப் பார்ப்போம். 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2008இல் திருத்தப்பட்டபோது 66சி, 66டி என்னும் பிரிவுகள் சேர்க்கப்பட்டன. பிறருடைய கடவுச்சொல், மின்கையொப்பம் போன்ற தனி அடையாளத்தை மோசடியாகப் பயன்படுத்துவது முதலாவது. கணினி அல்லது தொடர்புக் கருவியின் வழியே ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவது இரண்டாவது. இரண்டுக்கும் 3 ஆண்டுகள் வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். மோசடியாகவோ ஆள்மாறாட்டத்தாலோ சிம் கார்டு பெறுவோருக்கு 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் 3 ஆண்டு வரை சிறையும் 50 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க இடமளிக்கிறது. சட்டம் இல்லை என்று எவரும் கூற முடியாது.

1930 என்னும் உதவி எண்ணும் உண்டு. பணம் போனவுடன் அவ்வெண்ணுக்குச் சொன்னால், அப்பணம் எந்த வங்கிக் கணக்கில் தங்கியிருக்கிறதோ அங்கேயே அதனை நிறுத்திவைக்க முயல்வார்கள். 2021ஆம் ஆண்டில் தொடங்கிய ஏற்பாடு இது. நல்ல ஏற்பாடு, ஆனால் மணிக்கணக்கில் இயங்குவது. நான்காம் நாள் சென்ற நமக்கு அது பயன்படவில்லை. காவல் நிலையத்துக்கு நேரில் செல்லாமல் வீட்டிலிருந்தே பேசலாம் என்பதை அந்தத் தந்தைக்கு முன்னரே யாரேனும் சொல்லியிருந்தால் என்று நாம் பலமுறை எண்ணியதுண்டு.

2024ஆம் ஆண்டில் மட்டும் இந்திய மக்கள் சைபர் மோசடிகளில் 22,845 கோடி ரூபாய் இழந்ததாக மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. 2025 மே மாதத்தில் தில்லியில் சோதனையாக ஒரு முறை கொண்டுவரப்பட்டது: 1930க்குச் சொன்ன புகாரே முதல் தகவல் அறிக்கையாக மாறும். எந்தத் தொகைக்கு? பத்து லட்சத்துக்கு மேற்பட்ட இழப்புக்கு! பத்து லட்சத்தை ஒருசேரக் கண்ணால் கண்டவர் இந்த அவையில் எத்தனை பேர் என்று கேட்க விரும்பவில்லை. 9,800 ரூபாய் ஒரு குடும்பத்தின் கல்லூரி ஆண்டு என்பதை அளக்கும் அளவுகோல் இன்னும் எந்த அலுவலகத்திலும் செய்யப்படவில்லை.

இனி வங்கிகளுக்கு வருவோம். 2017 ஜூலை 6ஆம் நாள் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. வாடிக்கையாளரின் தவறும் வங்கியின் தவறும் இன்றி இடையிலுள்ள குறைபாட்டால் பணம் போனால், 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தவருக்கு இழப்பே இல்லை. வாடிக்கையாளரே பொறுப்பு என்றால் அதனை மெய்ப்பிக்க வேண்டியது வங்கி என்றது அது. நியாயமான நெறிதான். ஆனால் ரகசிய எண்ணை வாடிக்கையாளரே பகிர்ந்த கவனக்குறைவு என்றால், புகார் தெரிவிக்கும் வரையிலான இழப்பு முழுவதும் அவருடையது. பத்தொன்பது வயதுப் பெண்ணை அவள் தந்தையின் பெயரைச் சொல்லி ஏமாற்றுவது எந்த வகைக் கவனக்குறைவு?

ஒன்றை இங்கே கவனிக்க வேண்டும். யுபிஐ என்னும் பணப்பரிமாற்ற முறை 2016இல் வந்தது. அதில், தெரியாத ஒருவர் நம்மிடம் பணம் கேட்டுக் கோரிக்கை அனுப்பும் வழி இருந்தது. அம்மாணவியை வீழ்த்தியது அவ்வழியே. அம்முறையை நடத்தும் தேசியக் கொடுப்பனவுக் கழகம், தனியாள் ஒருவர் மற்றொரு தனியாளிடம் இவ்வாறு கேட்கும் வழியை 2025 அக்டோபர் 1 முதல் மூடிவிட்டது. மகிழ்ச்சி. ஆயினும் ஒரு சுற்றறிக்கையால் அடைக்கக்கூடிய ஓட்டை ஒன்பது ஆண்டுகள் திறந்தே இருந்தது; அக்காலமெல்லாம் விழுந்தவனைப் பார்த்து "ஏன் விழுந்தாய்?" என்று கேட்டுக்கொண்டிருந்தோம். கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் கட்டாமல் குழந்தைக்குப் புத்தி சொல்வது போன்றது அது.

தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென 2023ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. விவரங்களைப் பாதுகாக்கத் தவறிய நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம். பெரிய தொகைதான். ஆனால் அத்தண்டம் அரசின் தொகுநிதிக்குச் செல்லும். விவரத்தையும் பணத்தையும் இழந்தவருக்கு இழப்பீடு என்று அச்சட்டம் ஒன்றும் வகுக்கவில்லை. சட்டம் படிக்கும் நம் இளைஞர்கள் இந்த இடத்தில் மனம் செலுத்த வேண்டும்.

அடையாளத் திருட்டு கணினியோடு பிறந்தது என்று நினைக்க வேண்டா. பொய்ச் சாதிச் சான்று பெற்று நம் பிள்ளைகளுக்குரிய இடங்களில் அமர்ந்தவர்களை நம் முன்னோர் அறிவர். அத்தகைய சான்றுகளை ஆராயக் குழுக்கள் வேண்டும் என்று 1994ஆம் ஆண்டில் மாதுரி பாட்டீல் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. இமாசலப் பிரதேசத்தில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களின் பெயரில் வங்கிக் கணக்குகளைத் திறந்து, அவர்களுடைய உதவித்தொகையைத் தனியார் கல்வி நிறுவனங்களே விழுங்கியதாக எழுந்த வழக்கை 2019இல் சிபிஐ ஏற்றது. கல்லூரி அலுவலகமே திருடனாகும்போது எந்த எச்சரிக்கைப் பலகை காக்கும்?

இப்போது இளைஞர்களிடம் மட்டும் சில சொற்கள். சற்றுக் கடுமையாகவே பேசுவோம். ஆசிரியரின் உரிமை என்று கொள்ளுங்கள்.

திருடிய பணம் காற்றில் நிற்பதில்லை. யாரோ ஒருவருடைய வங்கிக் கணக்கில் வந்து இறங்க வேண்டும். அதற்காகக் கணக்குகளை வாடகைக்குக் கேட்கிறார்கள். "ஒரு கணக்குத் திறந்து ஏடிஎம் கார்டையும் சிம்மையும் கொடு, ஐயாயிரம் தருகிறோம்" என்று விடுதி வாசலிலும் தேநீர்க் கடையிலும் நண்பனைப் போல வந்து கேட்பார்கள். கொடுத்த கணக்கில் வேறொரு மாநிலத்து முதியவரின் ஓய்வூதியம் வந்து இறங்கி, அரை மணி நேரத்தில் மறைந்துவிடும். காவல்துறை தேடி வருவது கணக்கின் உரிமையாளரைத்தான். அம்முதியவரின் கண்ணீருக்கு நாமும் பங்காளி ஆகிறோம் என்பது ஒன்று. அரசுப் பணித் தேர்வில் வென்று, காவல்துறைச் சரிபார்ப்பில் அந்த வழக்கு எதிரே வந்து நிற்கும் என்பது மற்றொன்று. நம் குடும்பங்களில் ஓர் அரசு வேலைக்கு மூன்று தலைமுறை காத்திருக்கிறது. அதன் விலை ஐயாயிரம் அன்று.

நம் சங்கம் செய்யக்கூடியவை சிலவற்றையும் சொல்லி அமைகிறோம். நம் பள்ளியின் அறிவிப்புப் பலகையில் இப்போது விண்ணப்ப எண் மட்டுமே ஒட்டப்படுகிறது; சாதியும் கணக்கு எண்ணும் இல்லை. மற்றப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் இதனைக் கேட்டுப் பெறச் சங்கம் எழுத்து மூலம் மனு அளிக்க வேண்டும். எவ்வகையில் விவரம் வெளியேறிற்று என்று விசாரிக்காமல் ஒரு மாணவரின் புகாரும் முடிக்கப்படலாகாது என்று மாவட்ட சைபர் குற்றக் காவல் நிலையத்துக்கும் எழுத வேண்டும். தனியாளாகச் சென்றால் அஞ்சும் தந்தை, சங்கத்தின் கடிதத்தோடு சென்றால் நிமிர்ந்து நிற்பார்.

அடுத்த மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணிக்குச் சங்கப் படிப்பகத்தில் ஒரு மேசை போடப்படும். உங்கள் பெயரில் எத்தனை சிம் கார்டுகள் ஓடுகின்றன என்பதைத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்த்துச் சொல்வோம். நீங்கள் வாங்காத எண் இருந்தால் அங்கேயே புகார் செய்யலாம். ஆதாரின் கைரேகைப் பதிவைப் பூட்டிவைக்கவும், கடைசி 4 எண்கள் மட்டும் தெரியும் ஆதார் நகலை எடுக்கவும் கற்றுத் தருவோம். கைப்பேசியைக் கொண்டு வாருங்கள். ஆதார் ஜெராக்ஸ் எடுத்து வர வேண்டா. அதனை யாரும் கேட்க மாட்டோம்.

நாம் சொன்ன அம்மாணவியின் தேர்வுக் கட்டணத்தை அன்று ஆசிரியர்கள் சிலர் பகிர்ந்து கட்டினர். படிப்பை முடித்துவிட்டாள். அந்த மேசையில் நம்மோடு அவளும் அமர்கிறாள்.