பூனாவில் இட்ட கையெழுத்து



திண்டுக்கல்லில் கூடியிருக்கும் நமக்கு நிலக்கோட்டை அடுத்த ஊர். அது தனித்தொகுதி. தனித்தொகுதியில் நம்மவர்தான் நிற்க முடியும். ஆனால் எல்லாருடைய ஓட்டும் சேர்ந்துதான் அவரை ஜெயிக்க வைக்கிறது. நம் தெருவில் கொடுமை நடக்கும்போது நம் பிரதிநிதி ஏன் வாய் திறப்பதில்லை என்று எல்லா ஊரிலும் கேட்கிறோம். அந்தக் கேள்வியின் வேர் 1932இல் இருக்கிறது.

அந்த ஆண்டு ஆகஸ்டில் வந்த வகுப்புவாரித் தீர்ப்பு நமக்கு இரண்டு ஓட்டுகளைத் தந்தது. ஒன்று, நம் பிரதிநிதியை நாமே தேர்ந்தெடுக்க; இன்னொன்று, பொதுத்தொகுதியில் போட. அதை எதிர்த்து செப்டம்பர் 20 அன்று எரவாடா சிறையில் காந்தி சாகும்வரை உண்ணாவிரதம் தொடங்கினார். அது அவருடைய மனச்சாட்சி என்றார்கள். ஆனால் அதன் விலையை நம்மிடம்தான் கேட்டார்கள்.

அம்பேத்கர் முன்னால் இரண்டு கடமைகள் இருந்தன. சாகக் கிடக்கும் மனிதரைக் காப்பாற்றுவது மனிதனின் கடமை. கிடைத்த உரிமையைக் காப்பாற்றுவது தலைவனின் கடமை. காந்தி இறந்திருந்தால் பழி யார்மேல் விழும், ஊர்தோறும் யார் அடி வாங்குவார்கள்? ஆகவே இரக்கத்தையும் கடமையையும் கோடு போட்டுப் பிரிக்க முடியாது. செப்டம்பர் 24 அன்று அவர் கையெழுத்திட்டார். நம் ரெட்டைமலை சீனிவாசனும் எம்.சி. ராஜாவும் கையெழுத்திட்டார்கள். 71 இடங்கள் 148 ஆயின. சென்னை மாகாணத்தில் 18 இடங்கள் 30 ஆயின. இடம் கூடியது, நம் தனி ஓட்டு போனது.

தலைவர் இரங்கலாம். ஆனால் அந்த இரக்கத்துக்கு அவர் தன் கையிலிருந்து கொடுப்பதில்லை; சனங்களின் கையிலிருந்து எடுத்துக் கொடுக்கிறார். அம்பேத்கருக்கு இது தெரியும். அதனால்தான் கையெழுத்திட்டதோடு அவர் ஓய்ந்துவிடவில்லை. காங்கிரசும் காந்தியும் தீண்டப்படாதவர்களுக்குச் செய்தது என்ன என்று 1945இல் கணக்கு எழுதினார். 1946இல் அவருடைய பட்டியல் சாதியினர் கூட்டமைப்பு பூனா ஒப்பந்தத்தை எதிர்த்துப் போராடியது. 1947இல் தனி வாக்காளர் தொகுதியை மறுபடியும் எழுத்தில் கேட்டார்.

நம் தலைவர்கள் புனிதர்களாக இருக்க வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. கூட்டணிக்காகவும் பதவிக்காகவும் சில நேரம் நம் உயிர்களுக்காகவும் அவர்கள் விட்டுக்கொடுக்க நேரும். எதை விட்டுக்கொடுத்தோம், எதற்காக விட்டுக்கொடுத்தோம் என்பதை அடுத்த வாரமே நம் தெருவுக்கு வந்து சொல்லட்டும். விட்டதைத் திரும்பக் கேட்கட்டும். ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் அந்தக் கணக்கைக் கேட்க நாமும் கூச வேண்டாம்.

ஜெய்பீம்.