தொட்டியில் பூத்த ஊதாப்பூ



யானையின் கால்களை முல்லைக்கொடி பிணித்துக்கொள்ள, அதை வாளால் வெட்டப் புகுந்த தொண்டைமான் புதருக்குள் மறைந்திருந்த லிங்கத்தைக் கண்டான் என்று தலபுராணம் கூறும் திருமுல்லைவாயிலும், வெள்வேலத்தை ஸ்தலவிருட்சமாகக் கொண்ட திருவேற்காடும், பூவிருந்தவல்லி என்ற பெயர் மருவியதாகச் சொல்லப்படும் பூந்தமல்லியும் செடிகொடிகளோடு சம்பந்தமுள்ள க்ஷேத்திரங்கள். அவற்றின் அண்டையில், அம்பத்தூரில் குடியிருக்கும் நான் செய்த ஒரு பிழையை இன்று சொல்ல விரும்புகிறேன்.

மாடியிலிருந்த சிமெண்டுத் தொட்டியில், அழுத்தினால் பஞ்சுபோல் அமுங்கும் புடைத்த காம்பும், மயிற்கண்போல் மஞ்சள் பொட்டிட்ட ஊதாப்பூவும் கொண்ட ஆகாயத்தாமரையை ஆசையோடு வளர்த்தேன். பக்கக் கொடி விட்டுப் பல்கித் தொட்டியை அது அடைத்துவிடவே, மிஞ்சியதை வாரித் தெருவோரக் கால்வாயில் எறிந்தேன். ஐப்பசி மழை ஓய்ந்த பிறகு ஏரிக்கரைக்குப் போனபோது, ஜலமே தெரியாமல் விரிந்து கிடந்த பச்சைப் பாயில் நான் எறிந்ததும் ஓர் இழையாக இருக்கலாமென்று தோன்றி, மனம் கூசிற்று.

தென்னமெரிக்காவைச் சேர்ந்த இச்செடி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பூவழகுக்காகவே வங்காளத்துக்குக் கொண்டுவரப்பட்டது. வெயிலை மறைத்து, நீரிலுள்ள பிராணவாயுவைக் குறைத்து, மீன்களைத் திணறவைப்பது.

சட்டம் இல்லாமலில்லை. பயிர்ப் பூச்சிகளோடு தீய களைகளையும் கருதி இயற்றப்பட்ட 1919-ஆம் ஆண்டின் சென்னை விவசாயப் பூச்சி, நோய்ச் சட்டம், சர்க்கார் அறிவிக்கும் களையை அழிக்கும் பொறுப்பை நிலத்தை அநுபவிப்பவர் மீதே சுமத்தி, அவர் தவறினால் அதிகாரிகளே அழித்துச் செலவை வசூலிக்கவும் இடமளித்தது. சீமைக்கருவேலம், உண்ணிச்செடி முதலியவற்றை அகற்றுவதற்கான கொள்கையை 2022-இல் மாநில அரசு வகுத்தது. வேலிக்கென்று விரும்பி நடப்பட்ட கோனோகார்ப்பஸை நடக்கூடாதென்று 2025-இல் தடுத்தது. ஆயினும், ஏரிக்கரைக்கு இயந்திரம் அனுப்பும் அதிகாரி என் மொட்டைமாடிக்கு வந்து, வாளியோடு படியிறங்கும் என் கையைப் பிடிக்கப்போவதில்லை. அந்தக் காவல் வீட்டார் வசமே இருக்கிறது.

ஆகவே, மிகுந்த நீர்ச்செடியைக் கால்வாயில் விடாமல், மாடி வெயிலில் சருகாகும்வரை காயவைத்து எருவாக்குங்கள். என் தொட்டியில் இப்போது அல்லி இருக்கிறது. அதன் பக்கத்தில், யானையையே நிறுத்தியதாகப் புகழ்பெற்ற முல்லை, கம்பிப் பந்தலுக்கு அடங்கிப் படர்ந்திருக்கிறது.