பாசறைக்குச் செல்லும் பிள்ளைகள்



திருவனந்தபுரத்தில் கரமனை, வலியசாலை, சாலைக் கடைத்தெரு முதலிய இடங்களில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருவது நீங்கள் அறிந்ததே. அண்மையில் அலுவலின் பொருட்டு வந்து குடியேறியவர்களும் பலர். இவர்கள் வீட்டுப் பிள்ளைகள் சாரணர் படையிலும், தேசிய மாணவர் படையிலும், 2010இல் கேரளத்தில் தொடங்கப்பெற்ற மாணவர் காவல் படையிலும் சேர்கின்றனர். ஓணம், கிறிஸ்துமஸ், கோடை விடுமுறைகள் வந்தால் பாசறைகளும் வந்துவிடுகின்றன. பள்ளியிலிருந்து பிள்ளை ஒரு தாளைக் கொண்டு வருகிறான். மூன்று நாள், இரண்டு இரவு. பெற்றோர் ஒப்பமிட வேண்டும்.

தாள் மலையாளத்தில் இருக்கிறது. தந்தையார் பேசக் கற்றுக்கொண்டிருப்பார், படிக்கக் கற்றிருக்கமாட்டார். ஆகவே பிள்ளையே அதைப் படித்துப் பொருள் கூறுகிறான். தன் உடல்நிலையைப் பற்றியும், தான் உண்ணும் மருந்தைப் பற்றியும் கேட்டிருக்கும் பகுதியை அவன் எவ்வளவு விரைவாகக் கடந்து செல்வான் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. தந்தையார் ஒப்பமிடுகிறார். பெங்களூரிலோ, மும்பையிலோ, தில்லியிலோ இருந்து இதைப் படிப்போர் வீட்டிலும் எழுத்து வேறாக இருக்குமேயன்றிக் காட்சி வேறாக இராது.

பாசறைக்குப் பிள்ளைகளை அனுப்பாதீர்கள் என்று கூற நான் வரவில்லை. 1907ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பேடன் பவல் பிரவுன்சீ என்னும் சிறு தீவில் இருபது சிறுவர்களைக் கூடாரமடித்துத் தங்கவைத்த நாள் முதல், தாய் தந்தையரைப் பிரிந்து கழிக்கும் அந்தச் சில இரவுகள் கற்பிப்பதைப் பள்ளியறை கற்பிக்க இயலாது என்பது பலமுறை மெய்ப்பிக்கப்பட்டிருக்கிறது. தன் பாயைத் தானே சுருட்டவும், பத்துப் பேருக்கு நடுவே உறங்கவும், பிடிக்காத கறியை முகம் சுளிக்காமல் உண்ணவும் பிள்ளை வேறெங்கே கற்பான்? உறவினர் சூழ வாழும் ஊரை விட்டு வந்த நம் போன்றோரின் பிள்ளைகளுக்கு இப்பயிற்சி இன்னும் தேவை. ஆனால் உறவினர் அருகில் இல்லை என்பதனாலேயே நம்முடைய எச்சரிக்கையும் ஒரு படி மிகுந்திருக்க வேண்டும்.

பயணத்தைப் பற்றி முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2022ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள் இரவு, எர்ணாகுளம் மாவட்டத்துப் பள்ளி ஒன்றிலிருந்து உதகமண்டலத்துக்குப் புறப்பட்ட சுற்றுலாப் பேருந்து வடக்கஞ்சேரி அருகே மற்றொரு பேருந்தின் பின்புறம் மோதியது. ஒன்பது பேர் மாண்டனர். அவர்களில் ஐவர் மாணவர். இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பயணம் செய்யலாகாது என்று கேரள அரசு அறிவுறுத்தியிருக்கிறது. எனவே "எத்தனை மணிக்குப் புறப்படுகிறீர்கள்?" என்று கேட்க ஒவ்வொரு பெற்றோருக்கும் உரிமை உண்டு. இரவிலே சென்றால் ஒரு பகற்பொழுது மிச்சமாகும் என்ற விடை வந்தால், அந்த மிச்சம் நமக்கு வேண்டா.

நீரும் அத்தகையதே. 2007ஆம் ஆண்டு பிப்ரவரி 20ஆம் நாள் தட்டேக்காட்டில், அளவுக்கு மீறி ஆளேற்றிய படகு பெரியாற்றில் மூழ்கிற்று. சுற்றுலா வந்த பள்ளிப் பிள்ளைகளும் ஆசிரியர்களுமாகப் பதினெட்டுப் பேர் உயிரிழந்தனர். திருவனந்தபுரத்துப் பிள்ளைகள் விரும்பிச் செல்லும் பொன்மலைக்கு, அதாவது பொன்முடிக்கு, வழியிலேயே கல்லாறு ஓடுகிறது. தெளிந்த நீர், உருண்டைக் கற்கள். பார்க்க முழங்காலளவே இருக்கும், இரண்டடி தள்ளிக் கால் வைத்தால் ஆழம். தேங்கிய குளங்களிலோ வேறோர் அச்சம் இருக்கிறது. 2024ஆம் ஆண்டில் நெய்யாற்றின்கரை அருகே ஒரு குளத்தில் குளித்த இளைஞர்கள் மூளையைத் தாக்கும் அமீபா நோய்க்கு ஆளாயினர்; ஒருவர் இறந்தார். அந்நுண்ணுயிர் மூக்கின் வழியாக நீரோடு உட்செல்கிறது. பாசறையில் குளிப்பது வாளித் தண்ணீரிலாகவே இருக்கட்டும்.

மழைக்காலத்து மலைப் பாசறையைப் பற்றி நான் கூறுவதெல்லாம் ஒன்றே. வானிலைத் துறை மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நிறங்களால் எச்சரிக்கை தருகிறது. அந்நிறத்தைப் பார்த்துப் பாசறையை ஒத்திவைக்கும் தலைவரைக் கோழை என்று எண்ணாதீர்கள். 2025ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள் விடியுமுன் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் ஓர் ஆற்றங்கரைப் பாசறையில் வெள்ளம் புகுந்து, சிறுமியரும் அவர்களைப் பார்த்துக்கொண்ட இளம்பெண்களுமாக இருபத்தேழு பேரைக் கொண்டு சென்றது. செல்வமும் கருவியும் மிகுந்த நாட்டிலேயே இது நிகழ்ந்தது.

இவையெல்லாம் வெளியிலிருந்து வரும் ஆபத்துகள். இவற்றை விட என் மனத்தை உறுத்துவது வேறொன்று. பிள்ளை வாய் திறந்து சொன்னதைப் பெரியவர்கள் கேளாமற் போவதுதான் அது.

வயநாட்டில் சுல்தான் பத்தேரியில் 2019ஆம் ஆண்டு நவம்பர் 20ஆம் நாள், ஐந்தாம் வகுப்பில் படித்த சிறுமி ஒருத்தியை வகுப்பறைத் தரையிலிருந்த பொந்தில் கிடந்த பாம்பு கடித்தது. அவள் காலில் காயம் இருந்தது. பாம்பு கடித்ததென்று அவள் சொன்னாள் என்றும், உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்படவில்லை என்றும் உடன் படித்த சிறுவர் சிறுமியர் பின்னர் ஊரறியச் சொன்னார்கள். அன்று அவள் இறந்தாள். அது பாசறையன்று, பகல் நேரத்துப் பள்ளிதான். பகலில், வகுப்பறையில், ஆசிரியர் பலர் நடுவே ஒரு குழந்தையின் சொல் ஏற்கப்படாமற் போகுமாயின், நள்ளிரவில் காட்டோரத்துக் கூடாரத்தில் அதன் கதி என்ன? பாசறையில் குழந்தை "ஏதோ கடித்தது" என்றால், அது எறும்பா, பாம்பா என்று ஆராய்வது மருத்துவரின் வேலை. வண்டியை எடுப்பதுதான் தலைவரின் வேலை. அந்த வண்டி இரவு முழுவதும் பாசறையிலேயே நிற்கிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

இரண்டாவது நிகழ்ச்சியைக் கூறக் கூச்சமாக இருக்கிறது. ஆயினும் கூறாமலிருப்பது தவறு. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பர்கூர் அருகே ஒரு தனியார் பள்ளியில் 2024ஆம் ஆண்டு ஆகஸ்டு 5 முதல் 9 வரை தேசிய மாணவர் படையின் பெயரால் ஒரு பாசறை நடைபெற்றது. அப்படைக்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை என்று பின்னர் வெளிப்பட்டது. நடத்த வந்தவர் யார், எவர் அனுப்பியவர் என்று பள்ளியில் ஒருவரும் உசாவவில்லை. மாணவியரை இரவில் பள்ளி அரங்கத்தில் உறங்கவைத்தார்கள். அவர்களைக் கண்காணிக்க ஆசிரியர் எவரும் உடனிருக்கவில்லை. பாசறையை நடத்தியவரே சிறுமியரிடம் பாலியல் கொடுமை இழைத்தார் என்று வழக்குத் தொடரப்பட்டது. பள்ளிப் பொறுப்பாளரிடம் பிள்ளைகள் முறையிட்டபோது, அதைப் பெரிதுபடுத்த வேண்டா என்று அடக்கப்பட்டதாகக் காவல்துறை கூறிற்று. பள்ளியைச் சார்ந்தவர்களும் கைது செய்யப்பட்டனர்.

காக்கிச் சட்டையும் ஊதுகுழலும் கண்டால் நாம் மேற்கொண்டு கேட்பதில்லை. அதிலும் பிற மாநிலத்தில் வாழும் நாம், "வந்த இடத்தில் நமக்கேன் வம்பு?" என்று நாவை அடக்கிக்கொள்கிறோம். இந்த அடக்கத்தை நம் பிள்ளைகளின் காரியத்தில் மட்டுமாவது விட்டுவிட வேண்டும். பாசறையை நடத்தும் அமைப்பு எது, அதன் மாநில அலுவலகத்துக்கு இப்பாசறை தெரியுமா, பெண்பிள்ளைகளோடு எந்த ஆசிரியைகள் தங்குகிறார்கள், அவர்கள் எங்கே படுக்கிறார்கள் என்று கேளுங்கள். பெரியவர் ஒருவர் ஒரு பிள்ளையோடு பிறர் கண்ணுக்கு எட்டாத இடத்தில் தனித்திருக்கலாகாது என்பது உலகெங்கும் நல்ல பாசறைகளில் கடைப்பிடிக்கப்படும் முறை. நேர்மையான தலைவருக்கு இக்கேள்விகளால் வருத்தம் உண்டாகாது. அவரையும் அம்முறையே வீண்பழியிலிருந்து காக்கிறது. வருத்தப்படுகிறவரிடம் பிள்ளையை அனுப்ப வேண்டிய கட்டாயமும் நமக்கில்லை. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, இத்தகைய குற்றம் நடந்ததை அறிந்தவர் எவராயினும் அதனைக் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும், மறைத்தல் தண்டனைக்குரியது. 1098 என்னும் குழந்தைகள் உதவித் தொலைபேசி எண் எல்லா மாநிலங்களிலும் உண்டு, இரவிலும் உண்டு. பிள்ளைக்குப் பெருக்கல் வாய்பாட்டோடு இதனையும் மனப்பாடம் செய்விக்கலாம்.

இனி, பிள்ளை சொல்ல நினைத்தும் சொல்ல முடியாமற் போவதைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். திருவனந்தபுரத்தில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு மலையாளம் நீர்பட்ட பாடு. நேற்று வந்த குடும்பத்துப் பிள்ளைக்கு அப்படியன்று. இரு மொழிகளும் மிக நெருங்கியவை என்பதே இங்கே இடர்ப்பாடு. மலையாளத்தில் 'வெள்ளம்' என்றால் குடிதண்ணீர். இதில் சிரிப்போடு போய்விடும். ஆனால் 'பனி' என்ற சொல்லைப் பாருங்கள். நமக்கு அது மார்கழி மாதத்துப் பனி; மலையாளத்தில் அது காய்ச்சல். பொன்முடியில் காலை வேளையில் பாசறைத் தலைவர் அன்போடு, "பனி உண்டோ?" என்று கேட்கிறார் என வைத்துக்கொள்வோம். உடம்பெல்லாம் கொதிக்கும் பிள்ளை, கூடாரத்துக்கு வெளியே எட்டிப் பார்க்கிறான். வெயில் வந்து மூட்டமெல்லாம் கலைந்திருக்கிறது. "இல்லை" என்கிறான். அவரும் அடுத்த கூடாரத்துக்குப் போய்விடுகிறார்.

ஆதலால் புறப்படுமுன் பத்துப் பன்னிரண்டு சொற்களைப் பிள்ளைக்குக் கற்பித்து அனுப்புங்கள்: காய்ச்சல், வாந்தி, தலைச்சுற்றல், மூச்சுத் திணறல், அச்சம், என் வீட்டுக்குப் பேசவேண்டும். அவ்வூர் மொழியில் இவற்றுக்கு உரிய சொல்லைத் தந்தையார் அறியாவிட்டால் அண்டை வீட்டாரிடம் கேட்டு அறியலாம். அதனால் அண்டை வீட்டாரின் நட்பும் வளரும். இருந்தபோதிலும் ஒன்று. பகலில் அழகாக மலையாளம் பேசும் பிள்ளையும், இரவில் நோய் கண்டு விழிக்கும்போது அம்மாவைத் தமிழில்தான் அழைப்பான். தமிழ் அறிந்தவர் ஒருவரேனும், அவர் சமையற்காரராயினும், மூத்த மாணவராயினும் சரி, பாசறையில் இருக்கிறாரா என்று தெரிந்துகொண்டு, அவர் முகத்தைப் பிள்ளைக்கு முன்னரே காட்டிவைப்பது நன்று.

சொல்ல வெட்கப்படுவதும் உண்டு. பத்து வயதிலும் சில பிள்ளைகள் உறக்கத்தில் படுக்கையை நனைத்துவிடுகிறார்கள். அது நோயுமன்று, குற்றமுமன்று. பெரும்பாலும் வளர வளர நின்றுவிடும். ஆனால் அதற்கு அஞ்சிய பிள்ளை பாசறையில் மாலை முதல் தண்ணீர் குடிக்க மறுப்பான், விடியும்வரை விழித்திருப்பான், மறுநாள் மலையேறும்போது மயங்கி விழுவான். மயக்கத்துக்குக் காரணம் எவருக்கும் விளங்காது. பெண்பிள்ளைகளுக்கு மாதவிலக்கைப் பற்றிய அச்சமும் இவ்வாறே. இவற்றைத் தாய்மார்கள் பாசறை ஆசிரியையிடம் நேரில், தனியே, இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிடலாம். பையில் இன்னும் ஒரு மாற்றுடையும், ஒரு பிளாஸ்டிக் விரிப்பும், மருந்தை எப்போது எவ்வளவு தரவேண்டும் என்று அவ்வூர் மொழியில் எழுதிய ஒரு சீட்டும் இருந்தால் போதும். கைவிளக்கு ஒன்று வேண்டும். கழிப்பிடத்துக்கு இருட்டில் தனியே போக அஞ்சிப் பிள்ளைகள் அடக்கிக்கொள்வதால் வரும் தொல்லைகள் பல. யாரையும் தனியே அனுப்பாமல் இருவர் இருவராகவே அனுப்புவது பழைய சாரணர் வழக்கம். அதனினும் மேலான வழியை எவரும் கண்டுபிடிக்கவில்லை.

உணவில் முறுக்கையும் அதிரசத்தையும் டின் டின்னாகக் கட்டிக்கொடுப்பதை நான் ஆதரிக்கவில்லை. அவை முதல் இரவே கூடாரத்தில் பங்கிடப்பட்டுத் தீர்ந்துவிடும். எஞ்சியவற்றுக்கு எறும்பு வரும். கஞ்சியும் பயறும் மட்டையரிசிச் சோறும் இரண்டு நாள் உண்டால் பிள்ளை இளைத்துவிடமாட்டான். கேட்க வேண்டியது சுவையைப் பற்றியன்று, சமைக்கும் நீரைப் பற்றி. 2024ஆம் ஆண்டு டிசம்பரில் கொச்சிக்கு அருகே திருக்காக்கரையில் நடந்த மாணவர் படைப் பாசறையில் எழுபதுக்கும் மேற்பட்டோர் வயிற்று நோயால் மருத்துவமனைக்குச் செல்ல நேர்ந்தது. 2023இல் கொரிய நாட்டில் நடந்த உலகச் சாரணர் பெருவிழாவில் ஏறக்குறைய நாற்பத்து மூவாயிரம் பேர் கூடினர். நிழலற்ற வெளியில் வெப்பம் தாங்காது நூற்றுக்கணக்கானோர் நோயுற்றனர். சில நாட்டவர் இடையிலேயே வெளியேறினர். நிழல், நல்ல நீர், தூய கழிப்பிடம் ஆகிய இம்மூன்றும் இல்லாத இடத்தில் கொடியேற்றமும் அணிவகுப்பும் எவ்வளவு சிறப்பாக நடந்தாலும் பயனில்லை.

தொலைபேசியைப் பற்றி ஒரு வார்த்தை. பாசறைகளில் அதனை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். அது சரியே என்பது என் கருத்து. மணிக்கொரு முறை அம்மாவின் குரலைக் கேட்கும் பிள்ளைக்கு வீட்டு நினைவு குறையாது, கூடும். ஆனால், "வீட்டாரோடு பேசவேண்டும்" என்று பிள்ளை எந்நேரம் கேட்டாலும் மறுக்கமாட்டோம் என்ற உறுதியைப் பாசறையார் பெற்றோரிடம் தரவேண்டும். அவ்வுறுதி தந்திருப்பதைப் பிள்ளையும் அறிந்திருக்க வேண்டும். இரவு இரண்டு மணிக்கு அழைப்பு வந்தால், "இதற்காகவா எழுப்பினாய்?" என்று கடிந்துகொள்ளாதீர்கள்.

பிள்ளை திரும்பி வந்த அன்றே விசாரணையைத் தொடங்க வேண்டா. குளித்து உண்டு உறங்கட்டும். மூட்டையை அவிழ்க்கும்போது துணிகளை மட்டும் பாருங்கள். காலிலே அட்டை கடித்த தழும்பு இருந்தால் கழுவி மருந்திடுங்கள். இரண்டொரு நாள் சென்ற பின்னர், இரவுச் சோற்றுக்கு உட்கார்ந்திருக்கும்போது அவனே ஏதோ சொல்லத் தொடங்குவான். முதலில் பாட்டும் வேடிக்கையும் வரும். அதற்குப் பிறகு வேறு ஏதேனும் இருந்தால் அதுவும் வரும். அந்நேரத்தில் அடுப்பை அணைத்துவிட்டு, அவன் எதிரே அமர்ந்து, முழுவதும் சொல்லி முடிக்கும் வரையில் இடைமறிக்காமல் கேளுங்கள்.