பட்டியல் மட்டும்தானே வைத்திருந்தேன்!

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"மாணவர்களுக்குப் பயன்படும்படி கம்ப்யூட்டர் பற்றி ஏதாவது பேசுப்பா" என்றார் செயலாளர். நான் பேச வந்திருப்பது ஒரு குற்ற ஒப்புதல். இங்கே அமர்ந்திருக்கும் பேராசிரியர்கள் சிலருக்கு அது அப்போதே தெரியும். தெரியாத மாதிரி இருந்தார்கள். அது அவர்கள் பெருந்தன்மை.

2009. நான் மூன்றாம் ஆண்டு. விடுதி அறைகளை எல்லாம் இணைத்து ஒரு லேன் இருந்தது. ஒவ்வொரு கணினியிலும் என்ன இருக்கிறது என்று இரவோடு இரவாகத் துழாவி, பட்டியல் போடும் ஒரு புரோகிராம் எழுதினேன். படம், பாட்டு, பாடப்புத்தகம், சாஃப்ட்வேர், ப்ராஜக்ட் என்று தலைப்பு வாரியாகப் பிரித்தேன். பிரிண்ட் சரியில்லாத படத்தை நீக்குவேன். விடுதியில் நமக்கு ராஜ மரியாதை! யாராவது கேட்டால் தயாராக ஒரு பதில் வைத்திருந்தேன்: "என் மெஷின்ல ஒரு ஃபைல்கூட இல்லை. பட்டியல் மட்டும்தான்."

அதே ஆண்டில் இதே பதிலை ஸ்வீடன் நாட்டில் நால்வர் நீதிமன்றத்தில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பைரேட் பே என்ற தளத்தோடு தொடர்புடையவர்கள். அந்தத் தளத்திலும் படமோ பாட்டோ கிடையாது.

தம்பிகளுக்காக இதைக் கொஞ்சம் விளக்குகிறேன். 1999-ல் வந்த நாப்ஸ்டரில் பாட்டு பயனர்களின் கணினியில் இருந்தது. பட்டியல் கம்பெனியின் சர்வரில் இருந்தது. அமெரிக்க நீதிமன்றங்கள் அதை ஏற்கவில்லை. 2001-ல் அந்தச் சேவை நின்றுபோனது. அதே 2001-ல் பிராம் கோஹன் பிட்டோரண்டை வெளியிட்டார். ஒரு கோப்பைச் சிறு துண்டுகளாக்கி, வாங்குகிறவனே மற்றவனுக்கும் கொடுக்கிற ஏற்பாடு அது. நம் ஊர்க் கல்யாணப் பந்தியில் சாப்பிட வந்தவரே வாளியைத் தூக்கிப் பரிமாறுவதில்லையா, அது மாதிரி. யாரிடம் எந்தத் துண்டு இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு சிறு குறிப்பு போதும். 2012-ல் பைரேட் பே அந்தக் குறிப்புக் கோப்புகளைக்கூடப் பெரும்பாலும் எடுத்துவிட்டு, மேக்னட் இணைப்புக்கு மாறியது. அதன் உயிர் 40 எழுத்துகள். 40 எழுத்தை எழுதிவைப்பது குற்றமா? இன்ஜினியருக்கு வரும் நியாயமான கேள்விதான்.

ஸ்டாக்ஹோம் நீதிமன்றம் வேறு கேள்வி கேட்டது: அங்கே என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? 2009 ஏப்ரல் 17-ல் நால்வருக்கும் ஓராண்டுச் சிறை, 3 கோடி குரோனர் நஷ்டஈடு என்று தீர்ப்பானது. 2010 மேல்முறையீட்டில் மூவருக்குச் சிறைக்காலம் குறைந்தது. நஷ்டஈடு 4 கோடியே 60 லட்சமாக உயர்ந்தது. பிறகு 2017-ல் ஐரோப்பிய நீதிமன்றம் இன்னும் தெளிவாகச் சொன்னது. இந்தத் தளத்தை நடத்துகிறவர்கள் வெறும் கருவி கொடுத்தவர்கள் அல்லர். தலைப்பு வாரியாகப் பிரிக்கிறார்கள், பழுதானதை நீக்குகிறார்கள். ஆகவே படைப்பைப் பொதுமக்களிடம் கொண்டுசேர்ப்பதில் அவர்களுக்கும் பங்கு உண்டு என்றது.

அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பிரித்தது, பழுதை நீக்கியது, எல்லாம் நான் செய்த வேலை!

ஆனால் எனக்கு உறைத்தது அதற்கு முன்பே. 2010-ல், படிப்பை முடித்துப் போன ஓர் அண்ணன் விடுதிக்கு வந்தார். பம்புசெட் மோட்டாருக்கு ஒரு கட்டுப்பாட்டுக் கருவி செய்தவர். ஆறு மாதம் லேபிலேயே கிடந்து, எத்தனையோ ரிலேயைப் புகையவிட்டு முடித்த ப்ராஜக்ட். அந்த ரிப்போர்ட் என் பட்டியல் வழியாகப் போய், அட்டை மட்டும் மாறி, வேறு இருவர் பெயரில் வைவாவுக்கு வந்துவிட்டது. வழக்கமான பதிலைச் சொன்னேன். அண்ணன் கோபப்படவில்லை. "லிஸ்டுல ஃபைல் பேரு இருக்கு, சைஸ் இருக்கு, ரூம் நம்பர் இருக்கு. செஞ்சவன் பேரு எங்கேடா தம்பி?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அன்று இரவே பட்டியலை அழித்தேன். அவர் மனக்குறையை அழிக்க முடியவில்லை.

இதனால் டோரண்ட் என்றாலே திருட்டு என்று சொல்ல வரவில்லை. லினக்ஸை அந்த வழியில் முறையாகவே தருகிறார்கள். பட்டியலும் பாவமில்லை. 1998-ல் தொடங்கிய மதுரைத் திட்டத்தைப் பாருங்கள். தன்னார்வலர்கள் தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து, இலவசமாகத் தருகிறார்கள். தட்டச்சு செய்தவர், பிழை திருத்தியவர் பெயரையும் போடுகிறார்கள். நம் சட்டப்படி நூலாசிரியர் மறைந்து 60 ஆண்டு வரை உரிமை உண்டு. அது முடிந்ததையும், உரியவர் அனுமதித்ததையும் தாராளமாகப் பகிரலாம்.

இன்னொரு பக்கமும் உண்டு. பாடப்புத்தகத்தின் விலையைப் பார்த்து மலைத்துத்தான் பலர் என் பட்டியலுக்கு வந்தார்கள். அந்தத் தேவை பொய்யில்லை. வாசலை அடைத்தால் மட்டும் தீராது. 2019-ல் டெல்லி உயர் நீதிமன்றம், தடை செய்த தளம் வேறு முகவரியில் முளைத்தால் அதையும் தடுக்க வழி செய்தது. ஆனாலும் முளைக்கிறது.

ஆகவே மன்றத்துக்கு ஒரு வேண்டுகோள். நம் கல்லூரியின் ப்ராஜக்ட் ரிப்போர்ட்டுகளை, செய்தவர்களிடம் அனுமதி வாங்கி, நூலகத்தில் ஒரு பொதுப் பட்டியலாக வைப்போம். முதல் கட்டத்தில் பெயர், அடுத்து ஆண்டு, அதற்குப் பிறகுதான் கோப்பு. புரோகிராம் எழுதுகிற வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன், பழக்கமான வேலைதானே! முதல் வரியில் அந்த அண்ணன் பெயர் வர வேண்டும் என்று ஆசை. அவரிடம் கேட்டுவிட்டேன். "சரிடா, போடு" என்றார்.